விரிசலிலேயே அடையுங்கள்: தார்ச் சாலை குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் நகரில் நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்ட தார்ச் சாலையில் மெல்லிய விரிசல்கள் தெரிகின்றன. குடியிருப்போர் சங்கத்தில் சிலர், முழுவதும் பெயர்ந்த பிறகு மொத்தமாகப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். காத்திருக்கலாமா ஐயா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. குறைந்த செலவில் சரிசெய்யக்கூடிய காலம் இதுதான். பழக்கத்தில் தார் என்று சொன்னாலும், இன்று சாலைக்குப் பயன்படுவது நிலக்கரித் தார் அன்று. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் எஞ்சும் பிட்டுமென். புதிதாக இருக்கும்போது அது சக்கரத்தின் பாரத்துக்குச் சற்றே வளைந்து மீண்டும் நிமிரும். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் பட்டுக் கிடக்கும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து, கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகி, வளையும் தன்மையை இழந்து வெடிக்கிறது.

இதுவரை நேர்ந்தது மேற்பரப்பின் முதுமை மட்டுமே. அந்த விரிசல் வழியாக மழைநீர் இறங்கும்போதுதான் சாலைக்கு உண்மையான கேடு தொடங்குகிறது. நீர் ஜல்லிக்கும் தாருக்கும் இடையே புகுந்து பிடிப்பைத் தளர்த்துவதோடு அடித்தளத்தையும் ஊற வைக்கிறது. ஊறிய தளத்தின் மேல் லாரி ஏறும் ஒவ்வொரு முறையும், நசுக்கப்பட்ட நீர் நுண்மண்ணைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. மழைக்குப் பின் விரிசலின் ஓரங்களில் சேற்றுக் கறை படிந்திருந்தால் அடியில் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். டெல்டாவில் களிமண் நிலம் மிகுதி என்பதால், நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த மண் விரிசலை மேலும் விரித்துவிடும்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், காய்ந்த நாளில், விரிசல்களைக் காற்றழுத்தத்தால் ஊதித் தூசியும் புல்லும் நீக்கி, ரப்பர் கலந்த சூடான பிட்டுமெனையோ, பிட்டுமெனை நுண்துளிகளாக நீரில் கலந்த எமல்ஷனையோ ஊற்றி, மேலே கல்தூள் தூவச் செய்யுங்கள். சாலை முழுவதும் மயிரிழை விரிசல்களாக இருந்தால், தனித்தனியாக அடைப்பதைவிட, எமல்ஷனும் கல்தூளும் குழைத்த மெல்லிய பூச்சு ஒன்றைப் பரப்புவது நல்லது. ஆனால் விரிசல்கள் ஒன்றோடொன்று பின்னி முதலைத் தோல் போலாகிவிட்ட இடத்தில் எந்தப் பூச்சும் நிற்காது. அங்கே அடித்தளமே தளர்ந்திருப்பதால், அந்தப் பகுதியை மட்டும் தோண்டி எடுத்துக் கீழிருந்தே சரிசெய்ய வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தார்ச் சாலையின் நடுப்பகுதி சற்று உயர்ந்து, ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 முதல் 2.5 செ.மீ. வரை ஓரத்தை நோக்கிச் சரிய வேண்டும். ஓரத்து மண் மேடிட்டு, அந்தச் சரிவில் வடியும் மழைநீரை மறித்தாலோ, வடிகால் அடைபட்டிருந்தாலோ, விரிசலை அடைத்ததன் பயன் பாதியாகிவிடும். ஒரு மண்வெட்டி செய்யக்கூடிய இந்த வேலையைப் பெரும்பாலான இடங்களில் யாரும் செய்வதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: மழைக்காலத்தில் தெருக்குழிகளில் செங்கல் உடைசலைக் கொட்டுகிறோம். பேட்ச் ஒர்க் செய்தாலும் ஒரே மாதத்தில் பெயர்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், கடலூர்

பதில்: செங்கல் உடைசல் நீரை உறிஞ்சி, நொறுங்கி, குழியை ஈரமாகவே வைத்திருக்கும். பேட்ச் ஒர்க் பெயர்வதற்கு, தண்ணீரும் தூசியும் நிற்கும் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் தட்டிவிட்டுப் போவதே பெரும்பாலும் காரணம். குழியைச் சுற்றி உறுதியான பகுதி வரை சதுரமாக வெட்டி, ஓரங்களைச் செங்குத்தாக்கி, உள்ளே காயவைத்துத் துடைத்து, அடியிலும் பக்கங்களிலும் எமல்ஷன் பூசிய பிறகே கலவையை இட வேண்டும். சாலைப் பணிகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 ரகத் தார்க் கலவை, பரப்பும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். 90 டிகிரிக்குக் கீழ் ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். ஆறிய பிறகு எவ்வளவு உருட்டினாலும் இறுகாது; உள்ளே எஞ்சும் இடைவெளிகளில் நீர் தங்கும். மழை விடாத நாட்களில் சூடாக்கத் தேவையில்லாத குளிர்க் கலவையால் தற்காலிகமாக அடைக்கலாம்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் எங்கள் வீட்டு வாசல் தாழ்ந்துபோகிறது. பழையதைச் சுரண்டினால் சாலை பலவீனமாகும் என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், சென்னை

பதில்: சரியன்று. வெடித்த பழைய படலத்தின் மேல் புதியதைப் போட்டால், கீழுள்ள விரிசல் அதே கோட்டில் மேலேயும் வெளிப்படும். மேல்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதிதாகப் போடுவதால் சாலைக்கும் நன்மை. மழைநீரும் உங்கள் வீட்டுக்குள் திரும்பாது. 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய படலத்தைச் சுரண்டாமல் சாலை போடக் கூடாது என்று அறிவுறுத்தினார். பணி தொடங்கும் நாளிலேயே அதைச் சுட்டிக்காட்டிப் பொறியாளரிடம் கேளுங்கள்; ரோலர் ஓடி முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

கேள்வி: பிளாஸ்டிக் கலந்த சாலைக்குப் பராமரிப்பே தேவையில்லையா?
– மாணவி, மதுரை

பதில்: தேவை. உங்கள் ஊர் தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் உருவாக்கி, 2018-இல் பத்மஸ்ரீ பெறக் காரணமான அந்த முறையில், சூடான ஜல்லியின் மேல் தூவிய பிளாஸ்டிக் துணுக்குகள் உருகி, ஒவ்வொரு கல்லையும் படலமாகப் போர்த்துகின்றன. அதனால் தாரின் பிடிப்பு கூடுகிறது. கல்லுக்கும் தாருக்கும் இடையே நீர் எளிதில் புகுவதில்லை. ஆனால் அந்தக் காப்பு மேல்படலத்துக்கு மட்டுமே. ஓரத்தில் தேங்கும் நீர் அடிமண்ணுக்குள் இறங்குவதை அதனால் தடுக்க முடியாது என்பதால், அந்தச் சாலைக்கும் வடிகாலைத் தூர்வாரித்தான் ஆக வேண்டும்.