30,000 யென் ஜீன்ஸ்: ஒசாகா கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: அலுவலகப் பயிற்சிக்காக இரண்டு வாரம் ஒசாகா செல்கிறேன். அங்கே ஜீன்ஸ் மட்டுமே விற்கும் தனிக்கடைகள் இருப்பதாகவும், ஒரு ஜீன்ஸ் 30,000 யென் வரை போகும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். அந்த விலைக்கு உண்மையிலேயே தரம் இருக்கிறதா, அல்லது பெயருக்குத்தான் காசா? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அதைக் கோவை வெயிலில் உடுத்த முடியுமா?

பதில்: தரத்தில் வித்தியாசம் உண்டு. ஆனால் எல்லோரும் முதலில் பார்க்கும் இடத்தில் அது தெரியாது.

கடையில் காலின் அடிப்பகுதியை மடித்து, வெளிப்பக்கத் தையலை ஒட்டி ஓடும் வெள்ளைக் கரையையும் அதிலுள்ள சிவப்பு இழையையும் காட்டுவார்கள். செல்வெட்ஜ் என்பது அதுதான். நம் கைத்தறி வேட்டியின் ஓரம் பிரியாமல் நிற்பது போலத்தான் இதுவும். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமக்கும் தறிக் கட்டையான நாடா போய்த் திரும்பும்போது அந்த நூல் அறுபடாமல் மடிந்து வருவதால் ஓரம் தானே கட்டிக்கொள்கிறது. நாடா இல்லாத இன்றைய தறிகளில் ஒவ்வொரு ஊடையும் ஓரத்தில் வெட்டப்படும். அந்தத் துணியைத் தைக்கும்போது ஓவர்லாக் போட்டாக வேண்டும். பழைய நாடாத் தறியில் துணியின் அகலம் ஏறக்குறைய 30 அங்குலம். புதிய தறியில் இரு மடங்கு. பழைய தறி நெய்யும் வேகமோ பல மடங்கு குறைவு. ஆகவே செல்வெட்ஜ் துணிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அதற்காக அந்தச் சிவப்பு இழையைத் தரச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மட்டமான நூலையும் நாடாத் தறியில் நெய்யலாம். யூனிக்லோ என்ற ஜப்பானியத் துணிக்கடைகளில் கைஹாரா ஆலையின் செல்வெட்ஜ் டெனிமில், அதாவது ஜீன்ஸ் துணியில், தைத்த ஜீன்ஸ் 5,000 யென்னை ஒட்டிய விலைக்கே கிடைக்கிறது. கைஹாரா ஏதோ சில்லறை ஆலையும் அன்று. ஹிரோஷிமா மாகாணத்தில் 1893இல் கசூரி என்ற கட்டுச்சாய நெசவில் தொடங்கி, 1970இல் டெனிம் நூலுக்கான கயிற்றுச் சாய முறையை ஜப்பானில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நிறுவனம். செல்வெட்ஜ் மட்டும்தான் உங்கள் விருப்பம் என்றால் யூனிக்லோவோடு நிறுத்திக்கொள்ளலாம். மீதி 25,000 யென் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

பெரும்பகுதி நூலிலும் சாயத்திலும் போகிறது. ஒசாகாவின் ஃபுல் கவுண்ட் நிறுவனம் ஜிம்பாப்வேயின் நீள இழைப் பஞ்சைத் தேடிப்போனது சும்மா அல்ல. நீள இழை நூலில் நெய்த துணி கனமாக இருந்தாலும் தொடையில் உரசாது. வேறு சிலர் வேண்டுமென்றே தடிப்பும் மெலிவுமாக நூற்கச் சொல்வார்கள். அந்தத் துணியை விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். நாள்பட்டு வெளுக்கும்போது அந்த மேடுகள் செங்குத்துக் கோடுகளாக மேலெழுந்து வரும்.

சாயம்தான் டெனிமின் உயிர்நாடி. நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் நூற்றுக்கணக்கானவற்றை ஒரு வடமாகச் சேர்த்து இண்டிகோ என்ற நீலச் சாயத் தொட்டியில் முக்கி, மேலே தூக்கிக் காற்றுப்பட விடுவார்கள். தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக வெளிவரும் நூல் காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். மறுபடி முக்கு, மறுபடி காற்று. எத்தனை முறை முக்கினாலும் நீலம் நூலின் மேல்வட்டத்தில்தான் ஏறும். நடுத்தண்டு வெள்ளையாகவே நிற்கும். மற்ற துணிகளில் இதைச் சாயக் குறை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெனிமில் இதைத்தான் விரும்பி வாங்குகிறோம். முழங்காலின் பின்புறம், இடுப்பின் கீழ் மடிப்புகள், பர்ஸ் வைக்கும் பாக்கெட் என்று உரசும் இடங்களில் மேல்நீலம் தேய்ந்து உள்வெள்ளை வெளிப்படும். ஊடை நூலுக்குச் சாயமே போடுவதில்லை. ஜீன்ஸின் உள்பக்கம் வெளிறியிருப்பது அதனால்தான்.

புதுத் துணியைப் பார்த்து அது எப்படி வெளுக்கும் என்று சொல்வது எனக்கும் கடினம். அதற்கு ஒரு வழி உண்டு. இத்தகைய கடைகள் பலவற்றில் ஊழியர்கள் ஓராண்டு, ஈராண்டு உடுத்திப் பழசாக்கிய ஜீன்ஸை மாதிரிக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். நீங்கள் எடுக்க நினைக்கும் அதே ரகத்தின் பழைய மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். அது பிடித்திருந்தால் மட்டும் புதியதை எடுங்கள்.

இயற்கை இண்டிகோவில் சாயமிட்டது என்று இன்னும் விலை கூடிய ரகத்தையும் காட்டக்கூடும். ஜப்பானில் தொகுஷிமா அந்தச் சாயத்துக்குப் பேர்போனது; அங்கே பயன்படும் செடி வேறு, நம் திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி வேறு. நிறம் தரும் மூலப்பொருள் இரண்டிலும் ஒன்றே. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த செயற்கை இண்டிகோவிலும் அதுவேதான். இன்று உலகில் விற்கும் டெனிமில் மிகப் பெரும்பகுதி செயற்கை இண்டிகோதான். மோமோதாரோ நிறுவனம் இயற்கை இண்டிகோ நூலைக் கைத்தறியில் நெய்து ஒரு ஜீன்ஸ் செய்கிறது. அந்தத் தறியில் நாளுக்கு ஒரு மீட்டர் நெய்வதே பெரிது. விலை ஒன்றரை லட்சம் யென்னுக்கும் மேல். கண்ணாரப் பாருங்கள், முதல் ஜீன்ஸாக வாங்க வேண்டாம்.

அமெரிக்க ஆலைகள் கழித்துப்போட்ட பழைய தறிகளை ஜப்பானியர் வாங்கிவந்து நெய்கிறார்கள் என்றொரு கதையும் காதில் விழலாம். கேட்க நன்றாக இருக்கும், உண்மை இல்லை. அங்கே ஓடும் நாடாத் தறிகள் பெரும்பாலும் ஜப்பானிலேயே செய்த டொயோடா தறிகள். கார் நிறுவனத்தின் வேரும் அந்தத் தறிப் பட்டறைதான்.

துணி பிடித்துவிட்டதா? இனி ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். கடைக்காரர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், மகிழக்கூடும். முதலில் பாக்கெட் பையின் துணி. சாவியும் செல்பேசியும் வைத்து வைத்து முதலில் ஓட்டை விழுவது அங்கேதான். மெல்லிய துணியில் அதைத் தைத்துக் காசு மிச்சம் பிடிப்பவர் வேறு இடத்திலும் பிடித்திருப்பார். அடுத்து கவட்டையில் நான்கு தையல்கள் கூடும் இடம்: புடைப்பில்லாமல் தட்டையாக, இழுத்தால் இடைவெளி தெரியாமல் இருக்க வேண்டும். காஜாவின் நூல் நெருக்கமாக இருக்கிறதா, ஓரத்தில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பின்பாக்கெட்டின் மேல் மூலைகளில் உள்பக்கம் மட்டும் தெரியும் ரிவிட் இருக்கலாம். குதிரைச் சேணத்தையும் நாற்காலியையும் கீறுகிறது என்ற புகாருக்காக லீவைஸ் 1937இல் ரிவிட்டை அப்படித் துணிக்குள் மறைத்தது. அந்தக் கால வெட்டைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் அதைச் செய்கிறார்கள்.

தையல் நூலையும் விசாரியுங்கள். முழுப் பருத்தி நூல் துணியோடு சேர்ந்து அழகாக வெளுக்கும், ஆனால் சீக்கிரம் அறும். நடுவில் பாலியெஸ்டர் வைத்துப் பருத்தி சுற்றிய நூல் நீடித்து உழைக்கும். நம் வியர்வைக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்பேன். இடுப்பில் இருக்கும் தோல் முத்திரையைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். அது எருமைத் தோலா, மான் தோலா என்பது அரை மணி நேரப் பேச்சு, உங்களுக்குப் பயன் இல்லை.

இப்போது வெயில். டெனிமின் கனத்தைச் சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். மோமோதாரோவின் வழக்கமான துணி 15.7 அவுன்ஸ். அயர்ன் ஹார்ட் என்ற நிறுவனத்தின் 21 அவுன்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களை மனத்தில் வைத்துச் செய்தது. கோவையில் அது அலமாரியை விட்டு வெளியே வராது. நீங்கள் 11 முதல் 13 அவுன்ஸுக்குள் தேடுங்கள். ஃபுல் கவுண்ட்டின் 13.7 அவுன்ஸ் மென்மையானது என்பதால் அதையும் போட்டுப் பார்க்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம். கனத்தைப் போலவே வெட்டும் முக்கியம். தொடையில் காற்றுப் புகும்படி இருக்கும் நேர்வெட்டு 13 அவுன்ஸ் ஜீன்ஸ், உடலோடு ஒட்டிய 11 அவுன்ஸைவிடக் குளுமையாக இருக்கும்.

உங்களைப் போல் சில நாள் தங்குபவர் அதிகம் ஏமாறக்கூடியது அளவில்தான். சான்ஃபரைஸ் செய்த துணியை ஆலையிலேயே சுருக்கிவிடுவார்கள். வீட்டில் துவைத்தால் பெரிதாக மாறாது. அப்படிச் செய்யாமல் தறியிலிருந்து இறங்கியபடியே தைத்த துணி முதல் நனைப்பில் பத்து சதவீதம்வரை சுருங்கலாம், அதிலும் நீளவாக்கில் அதிகம். அந்த வகைக்கு ஜிப் வைத்தால் சுருங்கும்போது நெளிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் பொத்தான்தான். கடையில் சரியாக இருந்த கால், ஊருக்கு வந்து நனைத்த பிறகு கணுக்காலுக்கு மேல் ஏறிவிட்டால் திருப்பிக் கொடுக்க ஒசாகா போக முடியாது. எனவே ‘ஒன் வாஷ்’ என்று கேளுங்கள். கடைக்கு வருமுன்பே ஒருமுறை நனைத்து உலர்த்திய ஜீன்ஸ் அது. சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி சுருங்கியிருக்கும். போட்டுப் பார்க்கும் அளவுதான் உங்கள் அளவு. ஆர்வலர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கிளம்பும் முன் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு பேண்ட்டைத் தரையில் விரித்து இடுப்பு, கவட்டையிலிருந்து இடுப்புவரை முன்பக்க உயரம், தொடை, உள்கால் நீளம், பாட்டம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானியக் கடைகளின் அளவு அட்டையிலும் இவைதான் இருக்கும். முத்திரையில் 32 என்று போட்டிருப்பதை நம்பாமல் அட்டையோடு ஒப்பிடுங்கள். இடுப்பு உடுத்த உடுத்தச் சிறிது தளரும். முதல் நாள் பொத்தான் போடக் கொஞ்சம் சிரமப்பட்டால் பரவாயில்லை, தொடை இறுக்கமாக இருந்தால் வேண்டாம்.

கால் நீளத்தை அங்கேயே வெட்டித் தைத்து வாங்குங்கள். இத்தகைய கடைகளில் யூனியன் ஸ்பெஷல் 43200ஜி என்ற பழைய அமெரிக்க எந்திரம் இருக்கும். சங்கிலித் தையலில் அடிமடிப்பைச் சற்றே முறுக்கித் தைப்பது அதன் இயல்பு. துவைத்து வெளுத்ததும் அந்த மடிப்பில் கயிறு சுற்றியது போல் சாய்வரிகள் விழும். நம்மூர்த் தையல் கடையில் சாதாரண எந்திரத்தில் அடித்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் வாங்கியவருக்குப் பல கடைகள் இலவசமாகவே செய்து தரும்போது ஏன் விட வேண்டும்?

எங்கே போவது? ஒசாகாவில் ஷின்சாய்பாஷி, ஹோரியே பக்கம் ஒரு பிற்பகல் நடந்தால் போதும். 1979இல் தொடங்கிய ஸ்டூடியோ தார்டிசான், பின்னர் வந்த டுனீம் (Denime), எவிசு, ஃபுல் கவுண்ட், 1995இல் வந்த வேர்ஹவுஸ் ஆகிய ஐந்து நிறுவனங்களையும் ‘ஒசாகா ஐவர்’ என்பார்கள். பழைய அமெரிக்க ஜீன்ஸை நூல்நூலாகப் பிரித்து மறுபடி செய்து பார்த்தவர்கள் இவர்கள். இழை அளவுக்குப் பழமையைத் தேடுபவர் வேர்ஹவுஸுக்குப் போகலாம். உங்கள் தேவைக்கு ஃபுல் கவுண்ட்டில் தொடங்குவதே நல்லது.

ஒரு ஞாயிறு கிடைத்தால் ஷின்-ஒசாகாவிலிருந்து ஷிங்கான்சென் ரயிலில் ஒகயாமாவுக்கும், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் ஜப்பானின் ஜீன்ஸ் ஊரான கொஜிமாவுக்கும் போய்வாருங்கள். கொஜிமா, கடலை மீட்டு உண்டாக்கிய உப்பு நிலம், நெல்லுக்கு ஆகாது, பருத்தி போட்டார்கள். அதிலிருந்து நாடாக்கயிறு, தாபி என்ற துணிக்காலுறை, பிறகு பள்ளிச் சீருடை என்று தடித்த துணி தைப்பதே ஊரின் தொழிலாயிற்று. 1965இல் இங்குள்ள மாருவோ என்ற தையல் நிறுவனம், பின்னாளில் பிக் ஜான் எனப் பெயர்பெற்றது, அமெரிக்க டெனிமை இறக்குமதி செய்து ஜப்பானில் ஜீன்ஸ் தைக்கத் தொடங்கியது. 1973இல் குராபோ ஆலை ஜப்பானிலேயே டெனிம் நெய்து கொடுத்தது. ஜீன்ஸ் தெருவில் தலைக்குமேல் வரிசையாக ஜீன்ஸ் காயப்போட்டிருக்கும். அதைப் படம் எடுப்பதோடு நின்றுவிடாதீர்கள். ஆலைகளே நடத்தும் சிறு கடைகளில் அதே தரம் சற்றுக் குறைந்த விலைக்கு அகப்படுவதுண்டு. வாரநாள்களில் சில கடைகள் விடுமுறை விடும், பார்த்துப் போங்கள்.

எல்லாக் கடைக்கும் பாஸ்போர்ட்டை எடுத்துச் செல்லுங்கள். குறுகிய காலப் பயணிக்கு ஒரே கடையில் ஒரே நாளில் 5,000 யென் அல்லது அதற்கு மேல் வாங்கினால் 10 சதவீத நுகர்வு வரியில் விலக்கு உண்டு. 2026 நவம்பர் முதல் வரியைக் கட்டிவிட்டு விமான நிலையத்தில் திரும்பப் பெறும் முறை வருகிறது.

விலை இன்னும் உறுத்தினால் வாங்காமல் வந்தாலும் தவறில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் கே.ஜி. டெனிம் ஆலை 1990களிலேயே வந்துவிட்டது. அகமதாபாத்தின் அர்விந்த் ஆலையில் செல்வெட்ஜும் நெய்கிறார்கள். இந்திய செல்வெட்ஜ் ஒன்றை ஓராண்டு உடுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வாங்கிவிட்டால், ஆறு மாதம் துவைக்கக்கூடாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குளிர் நாட்டில் அது நடக்கலாம். இங்கே வியர்வையும் அழுக்கும் சேர்ந்து கவட்டைத் துணியை அரித்துவிடும். வியர்த்து உடுத்திய ஜீன்ஸை உள்பக்கம் திருப்பி, வெளுப்பான் கலக்காத சோப்பில், குளிர்ந்த நீரில் தனியாகத் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். முதல் சில மாதம் வெள்ளைச் சட்டை, வெளிர்நிறத் தோல் பை, பஸ் இருக்கை எதையும் அது விட்டுவைக்காது. கால் நீளம் குறைக்கும்போது வெட்டிய துண்டுகளைக் கடையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவட்டை தேயத் தொடங்கும்போது, கிழியும் வரை காத்திராமல், அதே துணியை உள்பக்கம் வைத்து ஒரு நல்ல டார்னிங் கடைக்காரரிடம் இழையோட்டச் சொல்லலாம்.