டாக் கட்டுகிறவர்களின் மாடிக் கூட்டம்: அவுட்புட் ஃபில்டர் பற்றிக் கேட்டவை

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில், டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் கருவி) கட்டுகிற ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு தடவை கூடுவோம். சிப்பில் டிஜிட்டல் ஒலி அனலாக் ஆன பிறகு அதைத் துப்புரவு செய்யும் கடைசிக் கட்டம், அதாவது அவுட்புட் ஃபில்டர்தான் இந்தத் தடவை பேச்சு. கேட்டதையும் நான் சொன்னதையும் எழுதி வைக்கிறேன்.

மாரத்தஹள்ளித் தம்பி: அண்ணா, பிசிஎம்5102ஏ டாக் சிப் போர்டு வாங்கினேன். அவுட்புட்ல ஒரு 470 ஓம், ஒரு 2.2 நானோஃபாரட், அவ்வளவுதான். ஆப்-ஆம்ப் வெச்சு பெருசா ஒண்ணு கட்டணுமா?

ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சிப், வேண்டாம் தம்பி. அந்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து 154 கிலோஹெர்ட்ஸில் வெட்டுகின்றன, அதாவது அதற்கு மேலே உள்ளதை அடக்குகின்றன. 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 0.1 டெசிபெல் கூட இல்லை. இவ்வளவு லேசான ஃபில்டர் எப்படிப் போதும் என்பதுதான் உங்கள் சந்தேகம்.

சிடி 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவானது. அதில் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி இருந்தால், அதன் நிழல், அதாவது மாதிரி எடுப்பதால் வரும் போலிப் பிரதி, 24.1-ல் விழும். 1982-ல் வந்த சோனியின் சிடிபி-101 அந்த நிழலை அனலாக் ஃபில்டரை வைத்தே வெட்டியது. 20-ஐ விட்டுவிட்டு 24-ஐ அறுக்க வேண்டும் என்றால் சுவர் மாதிரி செங்குத்தான ஃபில்டர் வேண்டும்; சுருள்களும் கெப்பாசிட்டர்களுமாக அடுக்க வேண்டும். அதே காலத்தில் ஃபிலிப்ஸ் தன் சிடி100-ல் 14 பிட் டிடிஏ1540 சிப்பைப் போட்டு, மாதிரி வேகத்தை டிஜிட்டலிலேயே 4 மடங்காக்கி (இதுதான் ஓவர்சாம்ப்ளிங்), நிழலை எங்கோ தள்ளிவிட்டது. உங்கள் சிப் அந்த வழி வந்தது. உள்ளேயே 8 மடங்கு ஏற்றுவதால் நிழல் 330 கிலோஹெர்ட்ஸ் பக்கம் போய்விடுகிறது. கஷ்டமான வேலை சிப்புக்குள் முடிந்துவிட்டது. வெளியில் இருக்கும் இரண்டு பாகங்கள் மிச்சம் மீதி இரைச்சலுக்கு. அதன் பின்னால் ஆப்-ஆம்ப் வைத்தால் நன்மையைவிடக் கெடுதலுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

விவேக் நகரிலிருந்து ஒரு பெரியவர்: டிடிஏ1543 டாக் சிப் வெச்சு, ஓவர்சாம்ப்ளிங் இல்லாம கட்டியிருக்கேன். 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர், குறுக்கே 4.7 நானோ. பஜனைப் பாட்டுல ஜால்ரா சத்தமே மங்கலா இருக்கு தம்பி.

ஐயா, இரண்டு இடத்தில் இழக்கிறீர்கள். ஓவர்சாம்ப்ளிங் இல்லாத டாக் ஒவ்வொரு மாதிரியையும் அடுத்தது வரும்வரை அப்படியே பிடித்து வைக்கும். அதனாலேயே 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3.2 டெசிபெல் சரியும். அது அந்த முறையின் கூடப் பிறந்தது. அதற்கு மேல் 1.5 கிலோவும் 4.7 நானோவும் 22.6 கிலோஹெர்ட்ஸில் வெட்டி, இன்னொரு 2.5 டெசிபெலைத் தின்கின்றன. மொத்தம் 5.7. ஜால்ராவின் மினுமினுப்பு இருப்பதே அந்த உச்சியில்தான்.

4.7-ஐக் கழற்றி 1 நானோ போடுங்கள். வெட்டும் இடம் 106-க்குப் போகும், இழப்பு 0.15 டெசிபெல். நிழல்கள் கூட வரும், தெரிந்துதான் சொல்கிறேன். உங்கள் ஆம்ப்ளிஃபயர் அவற்றைப் பொறுத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. பழைய ட்வீட்டர் என்றால் சத்தத்தை அளவாக வையுங்கள்.

ராஜாஜிநகர்: பிசிஎம்1794ஏ டாக் சிப் கையில இருக்கு சார். கரண்ட் அவுட்புட். ஐ-வி-க்கு அப்புறம் சாலன்-கீ போடலாமா, மல்டிபிள் ஃபீட்பேக்கா?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். சாலன்-கீ, மல்டிபிள் ஃபீட்பேக் இரண்டும் ஆப்-ஆம்ப்பை வைத்து ஃபில்டர் கட்டும் இரண்டு முறைகள். முதலில் ஐ-வி, அதாவது மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்கும் ஆப்-ஆம்ப். இந்தச் சிப் ஒரு பக்கத்துக்கு உச்சி முதல் உச்சி வரை 7.8 மில்லிஆம்ப் தருகிறது. 750 ஓம் ஃபீட்பேக் ரெசிஸ்டர் என்றால் 5.85 வோல்ட். அதன் குறுக்கே 2.2 நானோ வைத்தால் 96 கிலோஹெர்ட்ஸில் முதல் வெட்டு. இந்தக் கெப்பாசிட்டரை ஆப்-ஆம்ப் காலுக்கு ஒட்டியே வையுங்கள். சிப்பிலிருந்து வருவது கத்திமுனை மாதிரி வேகமான படிகள். அவற்றை முதலில் வாங்கிக்கொள்வது இந்தக் கெப்பாசிட்டர்தான். போன வருஷம் ஒரு நண்பர் டாக் போர்டை ஒரு மூலையிலும் ஐ-வி-யை இன்னொரு மூலையிலும் வைத்து, நடுவில் ஒரு சாண் ஒயர் விட்டிருந்தார். ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில்) பார்த்தால் தீபாவளிதான். என்இ5534 ஆப்-ஆம்ப் போடுகிறீர்கள் என்றால் 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவில் 22 பிகோஃபாரட் மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஊசலாடும்.

இரண்டாம் கட்டத்துக்கு என் ஓட்டு மல்டிபிள் ஃபீட்பேக்குக்கு. சாலன்-கீயில் ஒரு கெப்பாசிட்டர் உள்ளே வரும் சிக்னலை நேராக ஆப்-ஆம்ப்பின் அவுட்புட்டோடு இணைக்கிறது. ஆடியோ அலைவரிசையில் அந்த அவுட்புட் கெட்டியாக நிற்கும். மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் ஆப்-ஆம்ப்புக்கு வலு போய்விடும், அதன் உள்தடை ஏறிவிடும், குப்பையெல்லாம் அந்தக் கெப்பாசிட்டர் வழியாக வெளியே வந்துவிடும். தடுக்க வேண்டிய இடத்தில் கதவு திறந்து கிடக்கும். மல்டிபிள் ஃபீட்பேக்கில் அதே கெப்பாசிட்டர் கிரவுண்டுக்குப் போகிறது. ஆப்-ஆம்ப் தூங்கினாலும் குப்பை தரைக்குத்தான் போகும்.

கையில் பிடிக்க ஒரு கணக்கு: மூன்று ரெசிஸ்டரும் 1 கிலோ ஓம். கிரவுண்டுக்கு 4.7 நானோ, ஃபீட்பேக்கில் 1 நானோ. வெட்டும் இடம் 73 கிலோஹெர்ட்ஸ், க்யூ (வெட்டும் இடத்தில் வளைவின் கூர்மையைச் சொல்லும் எண்) 0.72, கிட்டத்தட்ட பட்டர்வொர்த், அதாவது வெட்டும் இடம் நெருங்கும்வரை சமமாகப் போகும் வகை. 20 கிலோஹெர்ட்ஸில் இழப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம், 44.1-இன் 8 மடங்கான 352.8-ல் 27 டெசிபெல் இறங்கும். 4.7-க்குப் பதில் 3.3 நானோ போட்டால் க்யூ 0.6-ஆகி பெஸ்ஸல் என்ற வகையின் பக்கம் சாய்கிறது, வெட்டும் இடம் 88-க்கு ஏறுகிறது. சதுர அலை அழகாக வரும். எனக்கு அது பிடிக்கும், காதில் வித்தியாசம் தெரிகிறது என்று சத்தியம் பண்ண மாட்டேன். இந்தக் கட்டம் சிக்னலைத் தலைகீழாக்கும். முன்னால் பிளஸ், மைனஸ் இரண்டையும் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

கே.ஆர்.புரம், கல்லூரி மாணவி: சார், எஸ்.பி. ரோட்ல 4.7 நானோ கேட்டா கடைக்குக் கடை வேற வேற குடுக்குறாங்க. எது வாங்குறது?

472 என்று போட்டிருக்கும் எல்லாமே 4.7 நானோதான் அம்மா, குணம் வேறு. சில்லறைக் கடைகளில் பச்சை நிறத்தில் பளபளவென்று கிடைப்பது மைலார், அதாவது பாலியஸ்டர். சுமாராகப் போகலாம். பாலிப்ரொப்பிலீன் கிடைத்தால் அதுதான் நல்லது. செராமிக் என்றால் என்பி0 (சூட்டில் கொள்ளளவு மாறாத வகை) மட்டும். எக்ஸ்7ஆர் என்ற செராமிக் வகை ஃபில்டருக்கு வேண்டாம்: மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது அதன் கொள்ளளவும் மாறும், பாட்டுக்குள்ளேயே சிதைவு வரும். பவர் சப்ளை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் என்பி0 என்று சொன்னால் நம்பாமல் வீட்டில் ஒரு சோதனை. கெப்பாசிட்டரை மீட்டரில் மாட்டி, சூடான சால்டரிங் அயர்னைத் தொடாமல் பக்கத்தில் காட்டுங்கள். எண் அசையாவிட்டால் என்பி0. சரசரவென்று நகர்ந்தால் வேறு ஜாதி.

ஜெயநகர்: அண்ணா, ஓபிஏ2134-னு எழுதின ஆப்-ஆம்ப் 40 ரூபாய்க்குக் கிடைச்சது. ஒரிஜினலா?

அந்த விலைக்கா? நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். மேலே எழுத்து அவ்வளவு நேர்த்தி. பிரெட்போர்டில் பஃபராகப் போடுங்கள்: அவுட்புட்டை மைனஸ் காலில் நேராக இணைத்து, பிளஸ் காலிலிருந்து 1 மெகாஓம் கிரவுண்டுக்கு. ஓபிஏ2134-க்கு உள்ளே ஜேஃபெட் வகை டிரான்சிஸ்டர், உள்மின்னோட்டம் சில பிகோஆம்ப்தான். அவுட்புட்டில் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. உள்ளே 5532 என்ற வேறு ஆப்-ஆம்ப் இருந்தால் மைனஸில் 200 மில்லிவோல்ட் அளவுக்கு வரும். எனக்கு வந்தது மைனஸ் 180. 5532 நல்ல சிப்தான், ஃபில்டருக்குத் தாராளமாகப் போதும். அதன் விலைக்கு வாங்கியிருந்தால் கோபமே வந்திருக்காது.

சிவாஜிநகர்: லேப்டாப் மாட்டினா ம்ம்ம்னு சத்தம். எந்தக் கெப்பாசிட்டரைக் கூட்டணும்?

எதையும் கூட்ட வேண்டாம். இந்த ஃபில்டர் மேலே வெட்டுவது, உங்கள் ம்ம்ம் கீழே 50 ஹெர்ட்ஸில். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் வளையம், அதாவது இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து உண்டாக்கும் இரைச்சல்.

மறுபடி மாரத்தஹள்ளி: கட்டினது சரியான்னு லேப்டாப் சவுண்ட்கார்டுல அளக்கலாமா?

20 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கலாம், சமன், சிதைவு எல்லாம் தெரியும். ஆனால் 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கார்டு 24-க்கு மேல் குருடு. ஃபில்டர் வேலை செய்வதே அதற்கு மேலேதான். 192-ல் ஓடும் கார்டு என்றால் 96 வரை பார்க்கலாம். அதற்கும் மேலே ஸ்கோப் வேண்டும், என்னுடையது இங்கேதான் இருக்கிறது, போர்டைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ப்ரோபில், அதாவது ஸ்கோப்பின் தொடுமுனையில், 10எக்ஸ் சுவிட்ச் போட்டுத்தான் தொட வேண்டும். 1எக்ஸில் ப்ரோபின் கொள்ளளவே சில ஆப்-ஆம்ப்பை ஊசலாட வைக்கும், நீங்கள் இல்லாத கோளாறைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைப்பீர்கள்.