கேள்வி – பதில்: பற்றீரியாவின் வெளிவாசல்கள்

கே: மதியம் வாங்கிய சோற்றுப் பார்சலை இரவில் நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். இரண்டு மணித்தியாலத்தில் மூவருக்கும் வாந்தி. கிருமி செத்திருக்க வேண்டுமே?
– வாசகி, வெள்ளவத்தை

ப: கிருமி செத்திருக்கும். அது முன்பே வெளியே விட்ட நச்சு அப்படியே இருந்திருக்கும். இவ்வளவு விரைவில் வாந்தி வந்தால் இரண்டு பேரைச் சந்தேகிக்கலாம்: பசிலஸ் சீரியஸ், ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ். பின்னது சமைத்தவரின் மூக்கிலிருந்தும் கைப்புண்ணிலிருந்தும் உணவுக்கு வருவது. கொழும்பு வெக்கையில் மேசையில் கிடக்கும் கறியில் பெருகிப் பெருகி, குடல்நச்சுப் புரதத்தைக் கறிக்குள் விட்டுவிடும். அந்தப் புரதம் இறுக மடிந்தது. 100 பாகை செல்சியசில் அரை மணித்தியாலம் கொதித்தாலும் அதன் வீரியம் முழுதாகப் போகாது. பார்சலை இரண்டு மணித்தியாலத்துக்குள் சாப்பிடுங்கள், அல்லது 5 பாகைக்குக் கீழே குளிரூட்டியில் வையுங்கள். நாள் முழுக்க வெளியே கிடந்ததை எத்தனை தரம் சூடாக்கியும் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.

கே: கலமென்சவ்வு கிழியாமல் இவ்வளவு பெரிய புரதம் எப்படி வெளியே வருகிறது?
– உயர்தர மாணவன், கொட்டாஞ்சேனை

ப: பெரும்பாலான புரதங்கள் மடியுமுன்னரே, நூலாகக் கடந்துவிடுகின்றன. ரைபோசோமில் உருவாகும் சங்கிலியின் தலைப்பில் ஏறத்தாழ 20 முதல் 30 அமினோ அமிலங்கள் கொண்ட சைகைத் துண்டு இருக்கும். செக்-ஏ என்ற மோட்டார்ப் புரதம் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரி.பி.யைச் செலவழித்து, மென்சவ்விலுள்ள செக் வாய்க்காலுக்குள் சங்கிலியைத் தள்ளும். மறுபக்கத்தில் ஒரு நொதியம் சைகைத் துண்டை வெட்டும். பிறகு புரதம் மடியும். (புரதங்கள் தம் முகவரியைத் தாமே சுமக்கின்றன என்று காட்டிய குந்தர் புளோபெலுக்கு 1999இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஸ்டெஃபிலோகொக்கசுக்கு ஒரே மென்சவ்வுதான். ஆகவே வேலை ஏறக்குறைய இத்துடன் முடிந்தது.

கொலராக் கிருமிக்கு மென்சவ்வு இரண்டு. அதன் நச்சில் ஏ அலகு ஒன்று, பி அலகுகள் ஐந்து. ஒவ்வொன்றும் தனித்தனியே செக் வழியாக உள்மென்சவ்வைக் கடந்து, இரு மென்சவ்வுகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் மடிந்து ஒன்றுசேரும். இப்போது வெளியே போக வேண்டியது நூலல்ல, ஒரு முழுப் பொதி. இங்கேதான் இரண்டாம் வகைச் சுரப்புத் தொகுதி வருகிறது: வெளிமென்சவ்வில் 15 பிரதிகள் சேர்ந்த வளையக் கதவு, அதன் கீழே பிஸ்டன்போல நீண்டு பொதியைத் தள்ளும் இழை. இடைவெளியில் ஏ.ரி.பி. கிடையாது; எனவே இயந்திரத்தின் அடிப்பகுதி உள்ளே குழியவுருவிலிருந்து சக்தி எடுக்கிறது. கதவு கெட்ட விகாரிகளில் (மரபணு மாறிய கிருமிகளில்) நச்சு இடைவெளியிலேயே தேங்கிவிடும்.

கே: சல்மனெல்லா நம் கலங்களுக்கு ஊசி போடுகிறது என்கிறார்கள். உண்மையான ஊசியா?
– ஆசிரியை, பம்பலப்பிட்டி

ப: ஊசி உண்மை, 1998இல் சல்மனெல்லாவில் இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தார்கள். ஆனால் வைத்தியசாலை ஊசிபோல மருந்தைத் தள்ளும் தண்டு அதில் இல்லை. ஊசிக்காதில் நூல் கோப்பது என்று நினைத்தால் சரியாக வரும். இந்த மூன்றாம் வகைத் தொகுதியின் குழாய் உள்விட்டம் இரண்டரை நனோமீற்றரைத் தாண்டாது. மடிந்த புரதம் அதற்குள் நுழையாது. அதனால் துணைப்புரதம் ஒன்று சரக்கை மடியவிடாமல் பிடித்துக்கொண்டு வரும், அடியிலுள்ள ஏ.ரி.பி. நொதியம் துணையைக் கழற்றிச் சரக்கை விரித்து அனுப்பும். உள்மென்சவ்வின் புரோத்தன் படித்திறனும் (இருபுறமும் உள்ள புரோத்தன் செறிவு வேறுபாடும்) தள்ளிவிடும். ஊசி கட்டப்படுவதும் இதே வழியில்தான்: அதன் அலகுகள் குழாய்க்குள் ஏறி நுனியில் பொருந்துகின்றன. போதிய நீளம் வந்ததும் ஓர் அளவுகோல் புரதம் சைகை கொடுக்க, இயந்திரம் ஊசி அலகை விட்டுத் தாக்கும் புரதங்களுக்கு மாறும். கொள்ளைநோய்க் கிருமி இனமான யெர்சினியாவில் அந்த நீளம் ஏறத்தாழ 58 நனோமீற்றர்.

கே: மூன்றாம் வகைப் புரதம் ஒன்றுடன் பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. புரதத்தை இணைத்தேன். வளர்ப்பு ஊடகத்தில் கொஞ்சம் தெரிகிறது. சுரந்துவிட்டது என்று எழுதலாமா?
– ஆய்வு மாணவி, கொழும்பு

ப: இன்னும் எழுத வேண்டாம். ஜி.எஃப்.பி. விரைவாகவும் இறுக்கமாகவும் மடியும். ஊசியின் வாயை அடைத்துவிடும். நீங்கள் பார்ப்பது உடைந்த கலங்களிலிருந்து கசிந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு ஒப்பீடுகள் இல்லாமல் நகராதீர்கள்: ஏ.ரி.பி. நொதியம் இல்லாத விகாரி ஒன்று; கலங்களைச் சுழற்றிப் படியவிட்டபின் மேலே நிற்கும் மேல்திரவத்தில் டிஎன்ஏ-கே புரதத்துக்கான வெஸ்டர்ன் பரிசோதனை (பிறபொருளெதிரியால் ஒரு புரதத்தைப் பட்டையாகக் காட்டுவது). டிஎன்ஏ-கே கலத்துக்கு உள்ளேயே இருக்க வேண்டிய புரதம், மரபுப்பொருளான டி.என்.ஏ. அல்ல. மேல்திரவத்தில் அதன் பட்டை வந்தால் கலம் உடைந்திருக்கிறது.

இரவு முழுக்க வளர்த்த கலங்கள் உடையும். 600 நனோமீற்றரில் ஒளி அடர்த்தி 1 அளவில் நிறுத்துங்கள். மையநீக்கியில் 4 பாகையில் 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேலுள்ள முக்கால் பங்கை மட்டும் எடுத்து 0.22 மைக்ரோமீற்றர் வடியில் வடியுங்கள். புரதத்தைப் படியவைக்கும் ரி.சி.ஏ. (முக்குளோரோ அசற்றிக்) அமிலத்தை இறுதிச் செறிவு 10 சதவீதமாகச் சேர்த்து அரை மணித்தியாலம் பனிக்கட்டியில் வைத்து, மீண்டும் சுழற்றி, குளிர்ந்த அசற்றோனால் இருமுறை கழுவுங்கள். ஜெல்லில் ஏற்றும் நீலக் கரைசல் மஞ்சளானால் அமிலம் மிஞ்சியிருக்கிறது. நீலம் திரும்பும்வரை அமிலத்தை நடுநிலையாக்கும் ட்ரிஸ் கரைசலைத் துளித்துளியாக விடுங்கள். ஊடகத்தில் சீரம் இருந்தால் அதன் அல்புமின் மற்றப் பட்டைகளை மூடிவிடும். ஜி.எஃப்.பி.க்குப் பதிலாக ஃபிளாக்போன்ற சில அமினோ அமிலங்களே கொண்ட சிறு ஒட்டு போதும். கலத்துக்குள் நுழைந்ததா என்று பார்க்க, தன் சைகைத் துண்டு நீக்கிய பீற்றா-லக்டமேசை (பெனிசிலினை உடைக்கும் நொதியத்தை) இணைக்கலாம். அது விரிந்து ஊசியைக் கடக்கும்.