மியாட்டா: கோடு 9, பாதியில் நிற்கும் ஹெட்லைட்

சார், உங்க 1991 மஸ்டா மியாட்டா காரில் கோடு 9 (எஞ்சின் கம்ப்யூட்டர் காட்டும் பழுது எண்) வருது, ஐட்லிங் தடுமாறுது, முன்னாடி இடிபட்டதிலிருந்து மேலே எழும்பி வரவேண்டிய இடது ஹெட்லைட் பாதியிலேயே நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க.

கோடு 9 கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைத்தான் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரின் சூட்டை அளப்பது) காட்டுது. உடனே புதுசு வாங்கிடாதீங்க. எஞ்சினுக்குப் பின்பக்கம், இக்னிஷன் காயில் மறைச்சிருக்கும் இடத்தில் இருக்கு. கை நுழையறதே பெரும்பாடு. ஒத்தை வயர் இருந்தா அது டாஷ்போர்டில் சூடு காட்டும் மீட்டருக்கானது, நமக்கு வேண்டியது ரெண்டு வயர் உள்ளது. சென்சாரின் வயர் பிளக்கைக் கழட்டி, சென்சாரின் ரெண்டு பின்னிலும் மல்ட்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்க. எஞ்சின் ஆறியிருக்கும்போது, 20 டிகிரியில், சுமார் 2.5 கிலோ ஓம் வரணும். 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கணும். அளவு சரியா இருந்தா சென்சார்மேல் பழி போடாதீங்க, பிளக் பின்னில் பச்சைத் துரு பூத்திருக்கான்னு பாருங்க. பாதி நேரம் அதுதான்.

ஹெட்லைட்டைத் தொடும் முன் பேட்டரி வயரைக் கழட்டிடுங்க. விளக்கைத் தூக்கும் மோட்டார் திடீர்னு சுத்தினா விரல் போயிடும். மோட்டார் மேல் ரப்பர் மூடிக்குள்ள ஒரு திருகு குமிழ் இருக்கு, கையால் திருப்பினா விளக்கு எழும். கையால் திருப்பும்போதும் அதே இடத்தில் முட்டினா, இடிச்சதில் மோட்டாரையும் விளக்கையும் இணைக்கும் லிங்க் கம்பி வளைஞ்சிருக்கலாம். தடையில்லாம எழுந்தா மோட்டார், ரிலே (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), வயர் பக்கம் போங்க.

ஹெட்லைட் கண்ணாடி விரிசலா? 7 அங்குல வட்ட விளக்கு, பொது அளவுதான். மலிவாகவே கிடைக்கும்.