குளியலறைத் தரையில் டைல்ஸுக்கு இடையே எவ்வளவு இடைவெளி விட வேண்டும்?

இரண்டு டைல்ஸுக்கு நடுவே விடும் கோடுதான் ஜாயின்ட். அதை நிரப்பும் பூச்சு கிரௌட். சாதாரண செராமிக் டைல்ஸுக்கு 3 மி.மீ. விடுங்கள். ஓரத்தை இயந்திரத்தில் சீராக அறுத்த டைல்ஸ் என்றால் 2 மி.மீ. போதும்.

ஒரே பெட்டியில் வரும் டைல்ஸ்கூட அளவில் கொஞ்சம் முன்பின் இருக்கும். அந்த வித்தியாசத்தை ஜாயின்ட்தான் விழுங்குகிறது. ஒட்டி ஒட்டிப் பதித்தால் நாலாவது வரிசையிலேயே கோடு கோணலாகிவிடும். தரையும் சூட்டிலும் ஈரத்திலும் லேசாக விரியும். காலையில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் நெருக்கி நிற்கும்போது ஒருவர் அசைந்தால் கடைசி ஆள் வரை தள்ளும் அல்லவா? நடுவில் கையளவு இடம் இருந்தால் அசைவு அங்கேயே அடங்கிவிடும். சுவரோரத்திலும் சிறு இடைவெளி வேண்டும் என்பதும் இதனால்தான்.

குளியலறைத் தரையில் தண்ணீர் ஓட வாட்டம், அதாவது சரிவு, வேறு உண்டு. அதனால் 1 அடி அல்லது அதைவிடச் சின்ன டைல்ஸ்தான் நல்லது. ஜாயின்ட் அதிகமானால் காலுக்குப் பிடிப்பும் கூடும். 1 மி.மீ. கோட்டில் கிரௌட் ஆழமாக இறங்காது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சிமென்ட் கிரௌட்டில் வெள்ளை படியும். செலவு கூடினாலும் அங்கே சிமென்ட்டுக்குப் பதில் பிசினில் செய்த எபாக்ஸி கிரௌட்டையே சொல்வேன். அப்புறம், மேஸ்திரி கண்ணளவில் வைக்காமல், இடைவெளி ஒரே அளவாக இருக்க டைல்ஸுக்கு நடுவே செருகும் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்கச் சொல்லுங்கள்.

ஜாயின்ட்டைக் குறைத்தால் தண்ணீர் இறங்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கீழ்வீட்டுக் கூரையைக் காப்பது டைல்ஸுக்கு அடியில் பூசும் வாட்டர்ப்ரூஃபிங்தான்.