கால் மரத்துப்போன அப்பா வெறுங்காலில் காவடி எடுக்கலாமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா): அப்பாவுக்கு வயது 61, பதினைந்து வருடமாக சர்க்கரை. ராத்திரியானால் பாதம் எரிகிறது என்று புலம்பியவர், இப்போது எரிச்சல் போய்விட்டது, கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். கட்டிலை விட்டு எழுந்தால் தலை சுற்றுகிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து வெறுங்காலில் காவடி எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். விடலாமா?

பதில்: காவடி எடுக்கட்டும், ஆனால் தார் ரோட்டில் வெறுங்காலோடு வேண்டாம், மருத்துவரைப் பார்க்காமல் விரதமும் வேண்டாம்.

எரிச்சல் போனதை வீட்டில் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கு அதுதான் பயம். மூளை, தண்டுவடம் தவிர உடம்பில் ஓடும் நரம்பெல்லாம் புற நரம்பு மண்டலம். பல வருடச் சர்க்கரை இந்த நரம்புகளையும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் சேர்த்தே கெடுக்கிறது. நீளமான நரம்புதான் முதலில் அடிவாங்கும், இடுப்பிலிருந்து கால் விரல் வரை போவது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், அதனால்தான் விரலில் ஆரம்பித்து காலுறை போட்ட அளவுக்கு மேலே ஏறுகிறது. சூட்டையும் வலியையும் சொல்லும் மெல்லிய இழைகள் கெட்டுக்கொண்டிருக்கும்போது காரணமில்லாமல் எரியும். செத்துவிட்டால் எரிச்சலும் இல்லை, சூடும் தெரியாது. ஜனவரி, பிப்ரவரி வெயிலில் டர்பன் ரோடு எப்படிக் காயும் என்று உங்களுக்கே தெரியும், தோல் வெந்தாலும் அவர் நடந்துகொண்டே இருப்பார்.

தலைசுற்றலும் இதே நோயின் இன்னொரு முகமாக இருக்கலாம். நம்மைக் கேட்காமலே இதயம், ரத்தக்குழாய், குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி எல்லாவற்றையும் நடத்துவது தானியங்கு நரம்பு மண்டலம். அதன் இழைகளும் பெரும்பாலும் மெல்லியவைதான். எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதைக் கண்டுபிடித்ததும் பரிவு நரம்புகள் (தானியங்கு மண்டலத்தின் முடுக்கிவிடும் பிரிவு) ரத்தக்குழாயைச் சுருக்கி, இதயத்தை வேகப்படுத்தி, நொடிகளில் சரிக்கட்டிவிடும். அந்த நரம்பு பழுதானால் பிரஷர் விழும். பிரஷர் மாத்திரையாலும், தண்ணீர் குறைந்தாலும் இதே மாதிரி வரும், அதனால் அளந்து பாருங்கள்: ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து ஒன்றாவது நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழுதி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள்: பாதம் வறண்டு வெடித்திருக்கிறதா, சாப்பிடும்போது மட்டும் முகமும் கழுத்தும் நனைகிற அளவுக்கு வியர்க்கிறதா? இரண்டும் இந்த நரம்புக் கோளாறில் வருவதுண்டு.

விரதத்துக்கு வருவோம். சர்க்கரை இறங்கும்போது வரும் நடுக்கம், படபடப்பு, வியர்வை எல்லாம் தானியங்கு நரம்பும் அட்ரினலினும் தரும் எச்சரிக்கை. அது பழுதானவருக்கு எச்சரிக்கையே வராமல் நேரே குழப்பம், மயக்கம் என்று போய்விடும். இன்சுலினோ கிளிக்லசைடு போன்ற சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர் பட்டினி கிடப்பது ஆபத்து. சைவச் சாப்பாட்டோடு வேளை தவறாமல் சாப்பிடுவதும் விரதம்தானே? மாத்திரை அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். அன்றைக்குச் சர்க்கரை அளக்கும் மீட்டரும் குளுக்கோஸும் ஒருவர் கையில் இருக்கட்டும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் காவடியை இறக்கிவிட வேண்டியதுதான்.

கிளினிக்கில் நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) பாதத்தில் தொடுவதும் அதிர்வதும் தெரிகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பவர் என்றால் வைட்டமின் பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், அந்தக் குறைவாலும் கால் மரக்கும், அதற்கு மருந்து உண்டு.

கோயில்காரர்களிடம் முன்பே சொல்லி, ரோட்டில் மூடிய ஷூவோடு வரட்டும். வாசலில் கழற்றி, நிழலான தரையில் மட்டும் நடக்கட்டும். விடியற்காலையில் புறப்பட்டால் இன்னும் நல்லது. வழியில் நெஞ்சு வலி இல்லாமலே மூச்சு வாங்கினாலோ அளவுக்கு மீறிச் சோர்ந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பு வலிக்காமலும் வரும். வீட்டுக்கு வந்ததும் நீங்களே விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் விரலிடுக்கு வரை பாருங்கள், கொப்புளமோ கீறலோ இருந்தால், வலிக்கவில்லை என்று அவர் சொன்னாலும், அன்றைக்கே கிளினிக்கில் காட்டிவிடுங்கள்.