கேள்வி - பதில்: கான்வாய்க்குக் காவல் போன ஃபிரிகேட்

கே: இரண்டாம் உலகப் போரில் கான்வாய்களுக்கு (கூட்டமாகச் செல்லும் சரக்குக் கப்பல்களுக்கு) காவலாகக் கார்வெட்டுகள் என்ற சிறு போர்க்கப்பல்கள் இருந்தனவே, பிறகு அவற்றைவிடப் பெரிய ஃபிரிகேட் எதற்கு?

ப: ஃப்ளவர் வகைக் கார்வெட்டுக்கு 16 நாட்தான் வேகம் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.). நீர்மட்டத்தில் ஓடும் யு-போட் (ஜெர்மன் நீர்மூழ்கி) 17 நாட் வேகத்தைத் தாண்டும். துரத்திப் பிடிக்க வழியில்லை. 1942-இல் கடலுக்கு வந்த ரிவர் வகை ஃபிரிகேட் 20 நாட் ஓடியது. ஒருமுறை எண்ணெய் நிரப்பினால் கார்வெட்டைப் போல இரு மடங்கு தூரமும் போகும்.

கே: ஒலி அலையால் நீருக்கடியில் தேடும் சோனாரில் நீர்மூழ்கி சிக்கிய பிறகும், குறித்த ஆழத்தில் வெடிக்கும் டெப்த் சார்ஜ் குண்டு ஏன் தவறியது?

ப: சோனார் அலை டார்ச் வெளிச்சம் மாதிரி கப்பலுக்கு முன்னால் பாயும், நேர் கீழே எட்டாது. ஆழத்தில் இருக்கும் நீர்மூழ்கியை நெருங்கினால், கடைசி 200 கஜம் வாக்கில் எதிரொலி அறுந்துவிடும். டெப்த் சார்ஜையோ கப்பலின் பின்பக்கத்திலிருந்துதான் உருட்டிவிட வேண்டும். கப்பல் எதிரியின் தலைக்கு மேலே கடந்து, குண்டு விநாடிக்குச் சுமார் 10 அடி வீதம் இறங்குவதற்குள் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஓடிவிடும். தலைக்கு மேல் புரொப்பெல்லர் சத்தம் கேட்டதுமே யு-போட் தளபதி சுக்கானை ஒடித்துத் திருப்பிவிடுவார். வெடித்த பிறகு கலங்கிய நீரில் சோனாரும் சில நிமிடங்கள் செவிடு.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஹெட்ஜ்ஹாக். எதிரொலி அறுவதற்கு முன்பே 24 சிறு குண்டுகளை முன்னோக்கி வீசும். அவை வட்டமாக விழும். நீர்மூழ்கியில் பட்டால்தான் வெடிக்கும். படாவிட்டால் கடல் அமைதியாகவே இருக்கும், தேடலைத் தொடரலாம். பிரிட்டிஷ் கணக்கில் டெப்த் சார்ஜுக்கு ஏறத்தாழ 60 தாக்குதலுக்கு ஒரு நீர்மூழ்கி. ஹெட்ஜ்ஹாக்குக்கு 6-க்கு ஒன்று. ஆனால் ஆரம்பத்தில் பெயர் கெட்டுப்போனது. முன்தளத்தில் அலை ஏறி மின்சுற்றில் உப்புநீர் புகுந்தால் குண்டு கிளம்பாது. போதாததற்கு, வெடிச்சத்தமே கேட்காத ஆயுதத்தை மாலுமிகள் நம்பவில்லை!

கே: சத்தத்தைத் தேடி நீருக்கடியில் பாய்ந்து வரும் வெடிகுண்டான டார்பிடோவிடமிருந்து எப்படித் தப்பினார்கள்?

ப: 1943 செப்டம்பர் 20 அன்று லாகன் என்ற ஃபிரிகேட்டின் பின்பகுதியை அப்படிப்பட்ட டார்பிடோதான் பிய்த்தது, 29 பேர் இறந்தனர். கப்பலின் புரொப்பெல்லர் ஒலிதான் அதற்கு வழிகாட்டி. ஆகவே கப்பலுக்குப் பின்னால் ஃபாக்ஸர் என்ற இரும்புக் குழாய்களைக் கட்டி இழுத்தார்கள். அவை ஒன்றோடொன்று மோதி எழுப்பும் இரைச்சலை நோக்கி டார்பிடோ திரும்பிவிடும். தொல்லை என்னவென்றால், அதே இரைச்சல் கப்பலின் சோனார் காதையும் அடைத்தது. வேகத்தையும் குறைத்தே ஓட்ட வேண்டியிருந்தது.